பன்னிரண்டு பாயும் ஓர் ஆங்கிலப் பள்ளியும்

கராத்தே உடுப்பை மாட்டிக்கொண்டு ஆங்கிலம் படிக்கும் வகுப்புகள் ஜப்பானில் இன்று ஆங்காங்கே நடக்கின்றன. பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்கள்தான்: பிள்ளைகள் குறைந்துபோன தொடக்கப்பள்ளி, ஊர்ப் பொதுக்கூடம், வெளிநாட்டிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஆசிரியர் வாடகைக்குப் பிடித்த கூடம். குத்து, உதை, தடுப்பு, விழுதல் எல்லாவற்றுக்கும் கட்டளை ஆங்கிலத்தில். கேள்விப்படுகிறவர்களுக்கு இது பெற்றோரை இழுக்கும் புது உத்தியாகத் தோன்றும். ஆனால் ஒரு கையில் சண்டைக் கலையும் மறு கையில் ஆங்கிலமுமாக ஒரே ஆசிரியர் பள்ளி நடத்துவது அங்கே 1882இலேயே தொடங்கிவிட்டது. தொடங்கியவர் கானோ ஜிகோரோ. உலகம் அவரை ஜூடோவின் தந்தை என்று அறியும். அவர் ஆங்கிலப் பள்ளியும் நடத்தியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பகலில் ஆங்கிலம், மாலையில் அடி

கானோ 1860இல் கோபே நகருக்கு அருகே மிகாகே என்ற கடலோர ஊரில் பிறந்தார். சாக்கே மது வடிக்கும் வசதியான குடும்பம். பையன் படிப்பில் சூட்டிகை, உடம்பில் நோஞ்சான். தாய் இறந்தபின் தந்தையோடு டோக்கியோ வந்து சேர்ந்தான். 1868இல் ஆட்சி மாறி, மேலைநாட்டு அறிவை அள்ளிக் கொண்டுவரத் துடித்துக்கொண்டிருந்த நாடு அது. அந்த அறிவுக்குப் போகும் வழி ஆங்கிலம் என்று ஊரே நம்பியது.

அன்று ஆங்கிலம் படிக்க இரண்டு முறைகள் இருந்தன. 'ஹென்சோகு' முறையில் உச்சரிப்பைப் பற்றிக் கவலை இல்லை. சொல்லுக்குச் சொல் ஜப்பானியப் பொருள் போட்டுப் புத்தகத்தைப் படித்துத் தள்ளுவார்கள். 'செய்சோகு' முறையில் ஒலியிலிருந்து தொடங்கி, ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே பழகுவார்கள். அதற்கு வெளிநாட்டு ஆசிரியர் வேண்டும். 1873இல் கானோ சேர்ந்த இகுயெய் கிஜுகு விடுதிப் பள்ளியில் ஐரோப்பிய ஆசிரியர்கள் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பாடம் நடத்தினார்கள். பாடம் அவருக்குச் சிரமமாக இல்லை. விடுதிதான் சிரமம். பெரிய பையன்கள் இந்தச் சின்ன உருவத்தைப் பிடித்து வதைத்தார்கள்.

மெலிந்தவனும் வலியவனைச் சாய்க்க ஜுஜுத்சு என்றொரு கலை உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தெரிந்த பெரியவர்களிடம் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டார். அதெல்லாம் காலம் போன வித்தை, உனக்கெதற்கு என்று தட்டிக் கழித்தார்கள். சாமுராய்களின் காலம் முடிந்து, ஜுஜுத்சு ஆசான்கள் பலர் எலும்பு கட்டும் வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கானோ எலும்பு வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். 1877இல், டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் போன அதே ஆண்டில், ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசான் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தைக் கானோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு நாள் ஆசான் அவரைத் தூக்கிப் போட்டார். கையை எப்படி வைக்க வேண்டும், காலை எங்கே நகர்த்த வேண்டும் என்று கானோ கேட்டார். பதில் சொல்லாமல் மறுபடி வரச் சொன்னார் ஆசான்; மறுபடி போட்டார். கானோ மறுபடி கேட்டார். மறுபடியும் பாயில் விழுந்ததுதான் மிச்சம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் வித்தை இல்லை இது, விழுந்து விழுந்துதான் வரும் என்பது ஆசானின் கொள்கை.

பகலில் நடந்தது இதற்கு நேர் எதிர். பல்கலைக்கழகத்தில் அமெரிக்கரான எர்னஸ்ட் ஃபெனொலோசா தத்துவமும் பொருளியலும் ஆங்கிலத்தில் நடத்தினார். அங்கே எதற்கும் காரணம் உண்டு, எதையும் கேட்கலாம். விளக்கமே இல்லாத வித்தை ஒரு பக்கம், விளக்கமே வித்தையாக இருந்த கல்வி மறுபக்கம் என்று இரண்டுக்கும் நடுவே அந்த இளைஞர் போய்வந்துகொண்டிருந்தார்.

இரண்டும் ஒரு முறை நேராகவே சந்தித்தன. ஃபுகுடாவிடம் பயின்றவர்களில் ஃபுகுஷிமா என்றொரு பருத்த ஆள். கானோவால் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ உத்திகளைக் கற்றுவந்து போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு மேலைநாட்டு மல்யுத்தம் பற்றிய ஒரு புத்தகத்தைத் தேடிப் படித்தார். எதிராளியின் அடியில் புகுந்து, தோளில் தூக்கிச் சுழற்றிப் போடும் பிடி ஒன்று அதில் இருந்தது. அதைப் பழகிக்கொண்டு வந்து ஃபுகுஷிமாவைச் சாய்த்தார். அந்தப் பிடி 'கதகுருமா' என்ற பெயரில் இன்றும் ஜூடோவில் இருக்கிறது. பாயில் கிடைக்காத விடையைப் புத்தகத்தில் தேடலாம் என்று அன்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

1882

ஃபுகுடா 1879இல் இறந்தார். அடுத்த ஆசான் இசோ 1881இல் இறந்தார். மூன்றாவதாகக் கிடைத்த ஈகுபோவிடம் கிதோ என்ற ஜுஜுத்சு மரபைக் கற்றுக்கொண்டிருந்தபோதே கானோ தாமே ஆசிரியராகிவிட்டார். 1882இன் தொடக்கத்தில் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ககுஷுயின் பள்ளியில் வேலை கிடைத்தது. அப்போது வயது 21. அதே ஆண்டில் அவர் சொந்தமாக மூன்று கல்விக்கூடங்களை அடுத்தடுத்துத் திறந்தார்.

முதலாவது கானோ ஜுகு. மாணவர்கள் அவரோடு தங்கி, விடியுமுன் எழுந்து, கூட்டிப் பெருக்கி, படித்து, ஒழுங்கோடு வளரும் இடம். இரண்டாவது கோடோகான். டோக்கியோவின் ஷிதயா பகுதியில் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் வாடகைக்கு எடுத்த இடத்தில் அது தொடங்கியது. பயிற்சிக்குக் கிடைத்தது பன்னிரண்டு பாய் விரிக்கும் பரப்பு, ஏறத்தாழ இருபது சதுர மீட்டர். முதலில் இருந்த மாணவர்கள் ஒன்பது பேர். ஆட்கள் விழுந்து விழுந்து கோயில் தரை அதிர்ந்ததாகவும், இறந்தோர் நினைவுப் பலகைகள் சரிந்ததாகவும், கோயில் குருக்கள் பொறுமை இழந்ததாகவும் கதைகள் உண்டு. மூன்றாவது கோபுன்கான். அது ஆங்கிலப் பள்ளி.

கோடோகானின் பதிவேட்டில் முதல் பெயர் தொமிதா சுனேஜிரோ. அவருக்கும் சைகோ ஷிரோவுக்கும் 1883இல் முதல் 'தான்' தகுதி கொடுக்கப்பட்டது. இன்று உலகெங்கும் கறுப்பு இடைவார் கட்டுகிறவர்களின் வரிசை அங்கே தொடங்குகிறது. தொமிதாவின் மகன் பின்னாளில் சைகோவை மனத்தில் வைத்து 'சுகாதா சன்ஷிரோ' என்ற நாவலை எழுதினார். அகிரா குரோசவா இயக்கிய முதல் படம், 1943இல் வந்தது, அந்த நாவல்தான். இப்படிக் கோடோகான் கதையும் படமுமாகிப் புகழ் பெற்றது. கோபுன்கான் சில ஆண்டுகளில் மூடப்பட்டு, வரலாற்று நூல்களின் ஓரத்துக்குப் போய்விட்டது.

ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கானோ என்ன செய்தார் என்பது விளங்கும். ஜுஜுத்சு ஆசான்களுக்கு வித்தை ஒரு குடும்பச் சொத்து. ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தும். கானோவோ புதுக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வார்த்தெடுக்கப்பட்டவர். பாடம் என்றால் அதற்குப் பாடத்திட்டம் வேண்டும், எளிதிலிருந்து கடினத்துக்கு ஏற வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், தேர்வு வைக்க வேண்டும். சண்டையை அவர் ஒரு பள்ளிப் பாடமாக்கினார். எதிராளியின் நிலையைக் குலைப்பது, தன் உடலைப் பொருத்திக்கொள்வது, வீசுவது என்று ஒவ்வொரு வீச்சையும் மூன்று படியாகப் பிரித்தார். 1895இல் கோடோகான் தன் வீச்சுகளை ஐந்து தொகுதிகளாக அடுக்கியது. 42 வீச்சுகள், எளியவை முதலில். அன்றைய ஜப்பானியப் பள்ளிகளில் புழங்கிய 'நேஷனல் ரீடர்ஸ்' என்ற அமெரிக்க வாசகப் புத்தகமும் ஐந்து பாகம். எண்ணிக்கை பொருந்துவது தற்செயல். படிப்படியாக ஏற்றிக்கொண்டுபோகும் மனப்பாங்கு தற்செயல் அல்ல.

இலக்கணமும் கட்டுரையும்

ஜூடோவில் பயிற்சி இரண்டு வகை. ஒன்று, முன்னரே வகுத்த அசைவுகளை வரிசை மாறாமல் செய்வது. கராத்தே பழகும் நம் பிள்ளைகள் 'கட்டா' என்று சொல்வார்களே, அதுதான். மற்றது 'ராந்தோரி': எதிராளி என்ன செய்வான் என்று தெரியாமல், வாய்ப்பைப் பார்த்துத் தாமே பிடித்துத் தாமே வீசுவது. இந்த இரண்டின் உறவை விளக்கக் கானோ மொழிப்பாடத்துக்குத்தான் போனார். கட்டாவை இலக்கணத்தோடும் ராந்தோரியைக் கட்டுரை எழுதுவதோடும் ஒப்பிட்டார். இலக்கணம் இல்லாமல் நல்ல கட்டுரை வராது. இலக்கணம் மட்டும் படித்தவனுக்கும் கட்டுரை வராது. ஒரு மல்லர் தேடிப்போகக்கூடிய ஒப்புமை இல்லை இது. மொழிவகுப்பில் உட்கார்ந்தவருக்கும், மொழிவகுப்பு நடத்தியவருக்கும்தான் தோன்றும்.

அதோடு அவர் நிற்கவில்லை. கோடோகான் கல்விக்கு நான்கு கால்கள் வைத்தார்: கட்டா, ராந்தோரி, விரிவுரை, கேள்வி-பதில். கடைசி இரண்டும் எங்கிருந்து வந்தன என்று ஊகிப்பது கடினமில்லை. விளக்கம் கேட்டதற்கு வீச்சையே பதிலாகப் பெற்றவர், தம் மாணவர்கள் கேட்கலாம் என்று சட்டம் போட்டார்.

கலையை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தவும் அவருக்கு ஆங்கிலம் கைகொடுத்தது. 1888இல் ஜப்பானின் ஏசியாடிக் சொசைட்டியில், லிண்ட்சே என்ற பாதிரியாரோடு சேர்ந்து ஜுஜுத்சுவின் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை அளித்தார். மறு ஆண்டு, கல்வியாளர் சபை ஒன்றில், கல்வி அமைச்சர் முன்னிலையில், ஜூடோ உடலுக்கும் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன செய்யும் என்று ஜப்பானியத்தில் விரித்துரைத்தார். இரண்டு அவைகளிலும் அவர் ஒரு பள்ளி ஆசிரியராகவே பேசினார்.

பாயருகே வந்து நின்ற எழுத்தாளர்

1891இல் கானோ தெற்கே குமமோத்தோவில் ஐந்தாம் உயர்நிலைக் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். போன சில மாதங்களில் ஆங்கிலம் கற்பிக்க ஒருவரை அழைத்துக்கொண்டார். கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்து ஜப்பான் வந்துசேர்ந்த லஃப்காடியோ ஹெர்ன். ஜப்பானியப் பேய்க்கதைகளை உலகுக்குச் சொன்னவர் அவர்தான்.

அந்தக் கல்லூரி வளாகத்தில் ஜப்பானிய முறையில் கட்டிய கூடம் ஒன்று இருந்தது. பெயர் ஸுய்ஹோகான். நாற்காலி, மேசை எதுவும் இல்லாமல் பாய் மட்டும் விரித்த கூடம். முதல்வர் அங்கே ஜூடோ கற்பித்தார். ஆங்கில ஆசிரியர் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்ததை ஹெர்ன் கட்டுரையாக எழுதினார். 1895இல் வந்த 'அவுட் ஆஃப் தி ஈஸ்ட்' என்ற நூலில் அது இருக்கிறது. எதிராளியின் பலத்தை எதிர்க்காமல், அதற்கு இடம்கொடுத்து, அதைக்கொண்டே அவனை வீழ்த்தும் கலை என்று ஹெர்ன் அதைப் புரிந்துகொண்டார். ஜப்பான் மேலைநாட்டு ரயிலையும் கப்பலையும் கல்வியையும் எடுத்துக்கொண்டு தன்னை விட்டுக்கொடுக்காமல் நின்றதும் அதே கலைதான் என்று நாட்டின் அரசியலுக்கே அந்தக் கருத்தை நீட்டினார். மேலைநாட்டு வாசகர்கள் பலருக்கு ஜுஜுத்சு என்ற பெயரே அந்தக் கட்டுரை வழியாகத்தான் போய்ச்சேர்ந்தது.

1893இல் கானோ டோக்கியோ திரும்பி, நாட்டுக்கே ஆசிரியர்களை உருவாக்கும் உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவரானார். அங்கே ஆங்கிலம் கற்பிக்க அவர் தேர்ந்தெடுத்த இளைஞர் நட்சுமே சோசெகி. பின்னாளில் ஜப்பானிய நாவலின் தலைமகனாக ஆகப்போகிறவர். மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கத் தம்மால் ஆகாது என்று சோசெகி தயங்கியதும், கானோ விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்ததும் சோசெகியே சொன்ன கதை. ஆங்கில ஆசிரியர் என்ற வகையில் ஹெர்னும் சோசெகியும் இன்றுவரை ஜப்பானில் பேசப்படும் பெயர்கள். இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்த கை, ஜூடோ கற்றுக்கொடுத்த கை.

1922இல் டோக்கியோ வந்த இரண்டு பேர்

கானோவிடம் இரண்டு பாடங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று மற்றதற்குள் நுழையவில்லை. உடலை அசைத்துக்கொண்டே ஆங்கிலம் கற்கும் வழி பிறக்க இன்னும் இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. இருவரும் ஒரே ஆண்டில் டோக்கியோவில் வந்து இறங்கினார்கள்.

ஒருவர் ஒகினாவாவின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஃபுனகோஷி கிச்சின். 1922 மே மாதம் கல்வி அமைச்சகம் நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தே செய்துகாட்ட வந்தவரைக் கானோ கோடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். அவர் ஊர் திரும்பவே இல்லை. ஒகினாவா மாணவர்கள் தங்கும் மெய்செய் ஜுகு என்ற சிறு விடுதியில் பெருக்கி, தோட்டம் பார்த்து, அங்கேயே கராத்தே கற்பித்தார். அவர் கொண்டுவந்தது பழைய கராத்தே மட்டுமல்ல. அவருடைய ஆசான் இதோசு அன்கோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனபோது அதன் உருவமே மாறியிருந்தது. ஓர் ஆசானுக்கு ஓரிரு சீடர் என்பது போய், வரிசை வரிசையாகப் பிள்ளைகள், எண் சொல்லி ஒரே நேரத்தில் ஒரே அசைவு என்றானது. மாணவருக்கென்று 'பினான்' என்ற ஐந்து எளிய கட்டாக்களையும் இதோசு அமைத்தார். உலகெங்கும் இன்று நடக்கும் கட்டளை வகுப்பு, பள்ளிக்கூடத்தில் உருவானது.

மற்றவர் ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர். பெல்ஜியத்தில் மொழி கற்பித்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மொழிக் கல்வி ஆலோசகராக 1922இல் வந்து, 1923இல் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானியப் பிள்ளைகள் கண்ணால் ஆங்கிலம் படிக்கிறார்கள், காதால் கேட்பதில்லை என்பது அவர் கண்டது. 1925இல் மகள் டொரத்தீயோடு சேர்ந்து அவர் டோக்கியோவில் வெளியிட்ட நூலின் பெயரே 'இங்கிலீஷ் த்ரூ ஆக்ஷன்ஸ்'. எழுந்திரு, கதவருகே போ, கதவைத் திற என்று ஆசிரியர் கட்டளையிடுவார், மாணவர் செய்வார். பிறகு தாம் செய்வதைத் தாமே ஆங்கிலத்தில் சொல்வார். பாமர் 1936 வரை ஜப்பானில் இருந்தார்.

பாமரும் ஃபுனகோஷியும் செய்தவை ஒன்றுதான்: கட்டளை வரும், உடல் பதில் சொல்லும். ஒன்றை ஆங்கில வகுப்பு என்றார்கள், மற்றதைக் கராத்தே வகுப்பு என்றார்கள்.

ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது

இரண்டும் சேரக் காலம் இடம்கொடுக்கவில்லை. 1931இல் ஜூடோவும் கெண்டோவும் ஆண்கள் நடுநிலைப் பள்ளிகளில் கட்டாயமாயின. போர் நெருங்க நெருங்க ஆங்கிலம் எதிரி மொழியானது. பேஸ்பால் ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்களைக்கூட ஜப்பானியமாக்கினார்கள். 1945இல் எல்லாம் தலைகீழானது. அமெரிக்கப் படை வந்திறங்கியதும் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 32 பக்க ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று 36 லட்சம் படிகள் விற்றது. ஜூடோ பள்ளிக்குத் திரும்ப 1950 ஆயிற்று. கானோ இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1938இல் கெய்ரோவில் ஒலிம்பிக் குழுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், கப்பலிலேயே இறந்துவிட்டார்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே கல்லூரியில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர், குழந்தை எப்படி மொழி கற்கிறது என்று யோசித்தார். பேச வாய் திறக்குமுன்பே அது தாய்தந்தையின் நூற்றுக்கணக்கான ஏவல்களைக் கேட்டுச் செய்கிறது. வா, உட்கார், பந்தை எடு, வாயில் வைக்காதே. புரிதல் முதலில், பேச்சு பிறகு. இதைப் பெரியவர்களிடம் சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட மொழிகளில் ஒன்று ஜப்பானியம். ஷிரோ குனிஹிராவும் ஆஷரும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியக் கட்டளைகளைக் கேட்டு எழுந்து, நடந்து, திரும்பிய மாணவர்கள், உட்கார்ந்து பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இதற்கு 'டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ்' என்று பெயர் வைத்தார் ஆஷர். மொழிக் கற்பித்தல் வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு முன்னோடியாகப் பாமரின் டோக்கியோ நூலைக் குறிப்பிடுகிறார்கள். ஜப்பானியக் கட்டளைகளில் சோதித்துப் பார்த்த முறை, ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்கே திரும்பி வந்தது.

சின்னப் பள்ளிக்குள் வந்த கதை

1987இல் ஜப்பான் அரசு 'ஜெட்' என்ற திட்டத்தைத் தொடங்கி, நான்கு நாடுகளிலிருந்து முதல் தவணையாக 848 இளைஞர்களை அழைத்தது. பெரும்பாலோர் பள்ளிகளில் ஆங்கில உதவியாசிரியர்கள். பெருநகரம் தாண்டி, கிராமத்துக்கும் தீவுக்கும் அவர்கள் போனார்கள். பகலில் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, மாலையில் ஊர் தோஜோவில், அதாவது தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடத்தில், வெள்ளை இடைவார் கட்டி ஜூடோவோ கராத்தேயோ பழகியவர்கள் அவர்களில் பலர். பகலில் தாம் ஆசிரியர், மாலையில் தாம் மொழி புரியாத மாணவர். ஜப்பானியம் தெரியாமலே கட்டளைக்கு உடல் பணிவதைத் தங்கள் உடம்பிலேயே உணர்ந்தவர்களுக்கு, இதையே ஆங்கிலத்தில் திருப்பிச் செய்தால் என்ன என்று தோன்றுவதற்கு அதிக தூரம் இல்லை.

சட்டமும் வழிவிட்டது. 2011 ஏப்ரலில் தொடக்கப்பள்ளி 5, 6ஆம் வகுப்புகளுக்கு அயல்மொழிச் செயல்பாடு கட்டாயமானது. மறு ஆண்டே நடுநிலைப் பள்ளி உடற்கல்வியில் தற்காப்புக் கலை கட்டாயமானது. 2020 முதல் 3, 4ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை அயல்மொழிச் செயல்பாடு; 5, 6ஆம் வகுப்புகளுக்கு 70 பாடவேளை முழுப் பாடம். தொடக்கப்பள்ளியில் வகுப்பாசிரியரே ஏறக்குறைய எல்லாப் பாடமும் எடுக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்பிக்கப் பயின்றவர்கள் அல்லர். பிள்ளைகள் குறைந்த ஊர்களில் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தும் பள்ளிகளும் உண்டு. வயது கலந்த சிறு கூட்டம், 45 நிமிடம், நடுவே ஒரு கூடம். தோஜோவுக்குப் பழகியவருக்கு இது வெகு பரிச்சயமான அமைப்பு. அங்கேயும் சின்னவனும் பெரியவனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ஒன்பது சொல், 24 கட்டளை

இப்படி ஒரு வகுப்பு எப்படி வேலை செய்கிறது? நான்கு வினையை எடுத்துக்கொள்ளுங்கள்: பஞ்ச், கிக், பிளாக், சாப். மூன்று உயரம்: ஹை, மிடில், லோ. இரண்டு பக்கம்: லெஃப்ட், ரைட். மொத்தம் ஒன்பது சொல். இவற்றைக் கோத்தால் 24 கட்டளை கிடைக்கும். பிள்ளைக்கு அதில் ஆறோ ஏழோ பழக்கினால் போதும். மிச்சத்தை முதன்முறை கேட்கும்போதே கைகால் செய்துவிடும். மனப்பாடம் செய்யாத வாக்கியத்தைப் புரிந்துகொள்வதுதான் மொழி தெரிந்ததற்கு அடையாளம்; அது முதல் மாதமே நடந்துவிடுகிறது.

ஒலிக்கும் இது உதவுகிறது. ஜப்பானிய எழுத்தில் 'ஸ்ட்ரைக்' என்பது ஸு-தொ-ர-இ-கு என்று ஐந்து அசையாக நீண்டுவிடும். ஒரு குத்துக்கு ஒரு சொல் என்று வைத்தால் ஐந்து அசைக்கு நேரம் இல்லை. கை போய்ச்சேருமுன் வாய் முடித்தாக வேண்டும். கரும்பலகையில் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் வராத ஓரசை உச்சரிப்பு, கையின் வேகத்தில் தானாக வருகிறது.

கூச்சமுள்ள பிள்ளைக்கு இன்னும் வசதி. வாய் திறக்காமலே தனக்குப் புரிந்தது என்று காட்டலாம். ஆசிரியருக்கும் தேர்வுத்தாள் தேவையில்லை; இடக்கால் முன்னே வர வேண்டிய இடத்தில் வலக்கால் வந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிப்பதுதான் ஒரே தொல்லை. அதற்கும் மருந்து உண்டு: கண்ணை மூடச் சொல்லிக் கட்டளையிட வேண்டும். ஜூடோ என்றால் இன்னொரு நன்மை. அங்கே முதல் பாடமே விழக் கற்பது. பாயைக் கையால் ஓங்கித் தட்டி, தலையைக் காத்து, விழுந்த வேகத்தில் எழுவது. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், விழுவதைப் பாடத்தின் பகுதியாக வைத்திருக்கும் கலை ஒன்று நுழைவது சின்ன விஷயமில்லை.

இந்த முறையின் எல்லையும் தெளிவு. நம் ஊரில் கராத்தே வகுப்புக்குப் போகும் எந்தப் பிள்ளையையும் கேட்டுப்பாருங்கள். இச்சி, நி, சான், ஷி என்று பத்துவரை தடுமாறாமல் எண்ணும். ஹஜிமே என்றால் தொடங்கும், யாமே என்றால் நிற்கும், மாயெ கெரி என்றால் முன்னுதை விடும். அஞ்சாறு வருஷம் பழகியபின்னும் ஜப்பானியத்தில் தண்ணீர் கேட்கத் தெரியாது. குறை பிள்ளையுடையது அல்ல. அந்த மொழியில் அதனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அதுவும் யாரையும் கேட்டதில்லை. ஏவல் வினைக்குக் கைகால் பணிந்தால் போதும் என்ற இடத்தில் மொழி அதற்குமேல் வளராது.

ஆகவே வகுப்பு கட்டளையோடு நிற்கக்கூடாது. ஆசிரியர் சொல்லிப் பிள்ளை செய்தபின், பிள்ளை சொல்லி ஆசிரியர் செய்ய வேண்டும். எட்டு வயதுச் சிறுமி 'டர்ன் ரைட்' என்று அதட்டி, ஆறடி மனிதர் திரும்பும்போது அவளுக்கு ஆங்கிலம் தன் கைக்கு வந்த கருவியாகிறது. பிறகு பாமர் செய்ததுபோல, செய்ததைச் சொல்ல வேண்டும்: இப்போது என்ன செய்தாய், அவன் என்ன செய்தான், நீ ஏன் விழுந்தாய்? இங்கேதான் இறந்தகாலமும் காரணமும் வாக்கியமும் வருகின்றன. கட்டளை வரிசை இலக்கணம் என்றால் இது கட்டுரை. கானோ சொன்ன இரண்டும் இரண்டு பக்கமும் நிற்கின்றன.

அவர் வைத்த நான்கு கால்களில் பெரும்பாலான தோஜோக்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. ஆங்கிலம் கற்பிக்கும் தோஜோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்காவதான கேள்வி-பதில் இல்லாவிட்டால் அங்கே நடப்பது உடற்பயிற்சி. ஆங்கிலத்தில் எண்ணுவதாலேயே அது ஆங்கில வகுப்பாகிவிடாது. பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் ஆசிரியரின் இடைவார் நிறத்தையோ உச்சரிப்பையோ பார்ப்பதைவிட, ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து, 45 நிமிடத்தில் பிள்ளைகள் எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.